அடங்கியதெல்லாம் அமைதி அல்ல

வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடும். நாய் அடுப்படிக்கும் பின்னாலேயே வருகிறது. குளியலறைக் கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறது. செருப்பை மாட்டினால் நடுங்குகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் மூன்று மாடிக்கும் கேட்கும்படி ஊளையிடுகிறது. இதை யாரிடம் சொன்னாலும், ஊரிலிருக்கும் மாமாவிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வரும் டிரெய்னர் வரை, பதில் ஒன்றுதான்: “ரொம்பச் செல்லம் குடுக்குறீங்க. கண்டுக்காம விடுங்க. ரெண்டு நாள் கத்தும், அப்புறம் அடங்கிடும்.”

இந்த அறிவுரை தவறு. சொல்கிறவர்களில் பலர் நாய் வளர்த்துப் பழகியவர்கள், நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இதையோ எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டு, பால்கனியில் பூட்டுகிறார்கள்; மொட்டை மாடியில் செயின் போட்டுக் கட்டுகிறார்கள். இரண்டாவது வாரம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கதவைத் தட்டுகிறார். மூன்றாவது வாரம் நாய் காப்பகத்துக்குத் திரும்பிப் போகிறது, “இதுக்கு ஏதோ மனக்கோளாறு” என்ற பெயரோடு.

முதலில் அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வீடு மாறும்போது கூட்டிப்போக முடியாமல் விட்டுவிட்டுப் போன லாப்ரடாராக இருக்கலாம். குட்டி போடும் வயது தாண்டியதும் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்பட்ட ஸ்பிட்ஸாக இருக்கலாம். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மிச்ச இட்லி போடும் பாட்டி என்று ஒரு தெருவையே தன் குடும்பமாக வைத்திருந்து, வண்டியில் அடிபட்டுக் காப்பகம் வந்த நாட்டு நாயாகவும் இருக்கலாம். மூன்றும் இழந்தது ஒன்றையேதான்: தெரிந்த வாசனை, தெரிந்த முகம், எப்போது சோறு வரும் என்ற கணக்கு. காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னஸியும் உடன் ஆய்வாளர்களும் காப்பக நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து 1997இல் வெளியிட்டார்கள். உள்ளே வந்து முதல் மூன்று நாட்களில் இருந்த நாய்களிடம் அது, ஒன்பது நாளுக்கு மேல் அங்கிருந்த நாய்களைவிடக் கூடுதலாக இருந்தது. அந்த மாற்றத்தை எப்படியோ தாங்கிக்கொண்ட நாயை இன்னொரு முறை இடம் மாற்றி உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். இந்த வீட்டில் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள். நீங்கள்.

அது உங்களோடு இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வதும் கோளாறு அல்ல. புடாபெஸ்ட் நகரின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் யோஷெஃப் டோபாலும் ஆடாம் மிக்லோஷியும் அவர்கள் குழுவினரும், குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்க மேரி அயின்ஸ்வொர்த் வகுத்த சோதனையை நாய்களுக்கு ஏற்ப மாற்றினார்கள். நாய் தன் மனிதரோடு கொள்ளும் பிணைப்பு, குழந்தை தாயோடு கொள்ளும் பிணைப்பின் அமைப்பை ஒத்திருக்கிறது என்று 1998இல் எழுதினார்கள். அதே குழுவைச் சேர்ந்த மார்த்தா காச்சி, 2001இல் வெளியான ஆய்வுக்காகக் காப்பகங்களில் கிடந்த வளர்ந்த நாய்களிடம் போனார். முன்பின் தெரியாத ஒருவர் மூன்று முறை, கொஞ்ச நேரம் மட்டும் கொஞ்சி, உலாத்தி, விளையாடியிருந்தார். அந்த நாய்கள் அவரிடம் பிணைப்பின் அடையாளங்களைக் காட்டத் தொடங்கிவிட்டன. மூன்று சந்திப்பில் அப்படியென்றால், நாள் முழுக்கச் சோறும் தண்ணீரும் போட்டு, இரவில் கூடவே இருக்கும் உங்களை அது நிழலாகத் தொடர்வதில் என்ன வியப்பு? 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனது. நாடே அதைப் பார்த்து உருகியது. பக் குட்டி வேண்டும் என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள்! அன்று நாம் ரசித்த அதே நடத்தையைத்தான் இன்று நம் வீட்டு நாய் காட்டும்போது குற்றம் என்கிறோம்.

இனி செல்லத்துக்கு வருகிறேன். மடியில் உட்கார வைப்பது, கட்டிலில் படுக்க விடுவது, தட்டிலிருந்து ஒரு வாய் ஊட்டுவது, இதெல்லாம்தான் நாயைக் கெடுக்கிறது என்பது நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் விக்டோரியா வாய்த் இதை நேரடியாகவே கேட்டுப் பார்த்தார். நூற்றுக்கணக்கான நாய் வளர்ப்பவர்களிடம் விவரம் திரட்டி 1992இல் வெளியான அந்த ஆய்வில், செல்லம் கொடுக்கப்பட்ட நாய்களுக்கு நடத்தைப் பிரச்சினை கூடுதல் என்று எதுவும் தெரியவில்லை. 2001இல் ஜெரார்ட் ஃபிளானிகனும் நிகோலஸ் டாட்மனும், தனியாக விடப்படும்போது வரும் பிரிவுப் பதற்றம் உள்ள 200 நாய்களை, அது இல்லாத 200 நாய்களோடு ஒப்பிட்டார்கள். செல்லத்துக்கும் பிரிவுப் பதற்றத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டு நாய்க்கு, ஆட்கள் கூடுதலாக உள்ள வீட்டு நாயைவிட, அந்தப் பதற்றம் இருக்கச் சுமார் இரண்டரை மடங்கு வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது.

அந்த ஆய்விலேயே எதிர்த்தரப்புக்கு உதவும் ஒரு முடிவும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. மிகையாக ஒட்டிக்கொள்ளும் நாய்களிடம் பிரிவுப் பதற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. “பாருங்கள், ஒட்டுதல்தான் நோய்க்குக் காரணம், ஒட்டுதலை வெட்டுங்கள்” என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்றாகிவிடாது. பயந்த உயிர் பாதுகாப்பு தேடும். தனியாக விட்டால் பதறும். இரண்டுக்கும் வேர் அந்தப் பயம். 2006இல் வால்லி பார்த்தசாரதியும் ஷாரன் குரோவெல்-டேவிஸும் பிணைப்புச் சோதனையை வைத்துப் பார்த்தபோது, பிரிவுப் பதற்றம் உள்ள நாய்கள் மற்ற நாய்களைவிடத் தங்கள் மனிதரோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நாள் முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டு, கதவு சாத்தியதும் போய் நிம்மதியாகத் தூங்கும் நாய்களும் உண்டு. பின்னால் வரவே வராமல், ஆள் போனதும் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும் நாய்களும் உண்டு. ஒட்டுதலைக் குறைத்தால் பதற்றம் குறையும் என்பது அவ்வளவு எளிய கணக்கு அல்ல.

“நடுங்கும்போது தடவிக் கொடுத்தால், நடுக்கத்துக்குப் பரிசு கொடுத்ததாகாதா?” என்று கேட்பார்கள். படித்தவர்களையும் மயக்குவது இந்தக் கேள்விதான். பரிசு கொடுத்தால் வளர்வது, நாய் தானாக விரும்பிச் செய்யும் செயல். உட்காருவது, கை கொடுப்பது, சாப்பாட்டு மேசையருகே வந்து குரைப்பது எல்லாம் அந்த வகை. பயம் செயல் அல்ல, நிலை. தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலடியில் நடுங்கும் நாயின் முதுகில் கை வைத்தால், அடுத்த வெடிக்கு அது கூடுதலாகப் பயப்படக் கற்றுக்கொள்வதில்லை. பயம் குறையலாம், குறையாமலும் இருக்கலாம்; அதனால் கூடிவிடாது. இத்தாலியில் கியாரா மரித்தி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு, வெளியே போகுமுன் நாயைக் கண்டுகொள்ளவே கூடாது என்ற விதியையே சோதித்தது. போவதற்குமுன் தடவிக் கொடுக்கப்பட்ட நாய்கள், பிரிவின்போது கூடுதல் நேரம் அமைதியான நடத்தையைக் காட்டின. பத்து நாய்களை வைத்துச் செய்ததுதான், அதைக் கொண்டு சட்டம் போட முடியாது. ஆனால் “அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே நாயைப் பார்க்காதே” என்று சட்டம் போட்டவர்கள் எந்த ஆய்வைக் காட்டினார்கள்?

பயமில்லாத நாய், பந்து வேண்டும் என்று சிணுங்கினால் பொருட்படுத்தாமல் இருப்பது சரியே. அது வேறு விஷயம். வேறுபாட்டை நாயின் உடம்பே சொல்லும்: வெயிலில்லாமல் மூச்சிரைப்பு, காரணமில்லாத கொட்டாவி, உதட்டை நக்குவது, பின்னுக்கு மடிந்த காது, வாயருகே கோழித்துண்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இவற்றைக் காட்டுகிற நாய் உங்களை ஏய்க்கவில்லை.

டிரெய்னர்கள் சொல்லும் “நீங்கதான் பேக் லீடர்” என்ற தத்துவத்தை நீண்டு மறுக்க வேண்டியதில்லை. அதைப் பரப்பியவரே மறுத்துவிட்டார். அதற்கு மூலமாக ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதியது பாஸல் விலங்குக்காட்சிசாலையில் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி. அதை 1970இல் தன் நூலின் வழியே பிரபலமாக்கிய டேவிட் மெக், காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்தபின் 1999இல், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று எழுதினார். தலைமைக்கு அடித்துக்கொள்ளும் கும்பல் அல்ல அது. உங்கள் குளியலறை வாசலில் படுத்திருக்கும் நாய் உங்கள் பதவியைப் பறிக்கத் திட்டமிடவில்லை.

மிச்சமிருப்பது அந்த முதல் வார அறிவுரையின் கடைசிப் பகுதி: அப்புறம் அடங்கிடும். சில நாய்கள் அடங்குவது உண்மை. எதில் அடங்குகின்றன என்பதுதான் கேள்வி. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட சோதனை உளவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்தில் வைக்கப்பட்டபோது, பெரும்பாலும் எழுந்துகூடப் பார்க்காமல் படுத்துக்கிடந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. அவையும் அடங்கியவைதான். பூட்டிய பால்கனியை அந்தக் கொடிய சோதனையோடு ஒன்றென்று நான் சொல்லவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்பதை வைத்து மனம் அமைதியாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்கிறேன். பழைய செல்பேசி ஒன்றை அலமாரியில் சாய்த்துவைத்துப் பதிவு செய்து பாருங்கள். “இப்ப அமைதியா இருக்கான்” என்று சொல்லப்பட்ட நாய், வாசலையே பார்த்து, எச்சில் ஒழுக, மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். வைத்துவிட்டுப் போன தயிர்சாதம் தொடப்படாமல் இருக்கும். நீங்கள் உள்ளே வந்தபின் ஒரே மூச்சில் காலியாகும்.

அடங்காத நாய்களின் கதை இன்னும் மோசம். ஒவ்வொரு முறை பதறும்போதும் நாய் பதறுவதற்குப் பயிற்சி எடுக்கிறது. முதல் நாள் கதவு சாத்தும் சத்தத்துக்குப் பயந்தது, பிறகு சாவிக்கொத்தின் சத்தத்துக்கு, பிறகு ஹெல்மெட்டை எடுப்பதற்கு, பிறகு காலையில் நீங்கள் குளித்துவிட்டு வருவதற்கே பயப்படத் தொடங்கும். பல் உடையும், கதவுச் சட்டம் பிய்யும், அக்கம்பக்கம் பகையாகும். 1928இல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர், பிள்ளைகளைக் கட்டியணைத்துக் கொஞ்சாதீர்கள், கெட்டுவிடுவார்கள் என்று அமெரிக்கத் தாய்மார்களுக்குப் புத்தகம் எழுதினார். அந்த அறிவுரையை இன்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வதில்லை. நாய்க்கு மட்டும் அது இன்னும் சொல்லப்படுகிறது.

அப்படியானால் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா? அதுவும் தீங்குதான். தனியாக இருக்கத் தெரியாத நாயின் வாழ்க்கை சிறுத்துப்போகிறது, வளர்ப்பவர் வாழ்க்கையும்தான். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருபத்து நான்கு மணி நேரமும் நாயோடே கிடந்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொத்தமாகக் காணாமல் போவதுதான் அன்புள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது. நாய்க்கு அது இரண்டாவது கைவிடல். பிரிவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே, நாய்க்குப் பிரிவு என்றே தெரியாத அளவுக்குச் சிறிதாக.

வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். பழைய பருத்திப் புடவையை மடித்து ஒரு மூலையில் போட்டு, நாய் தானாகப் போய்ப் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு வெந்த கோழித்துண்டை அங்கே போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் காலடியில் கிடைப்பதைவிட நல்லது தள்ளி இருக்கும் இடத்தில் கிடைக்கிறது என்று அது கண்டுகொள்ளும். அடுப்படி வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் குட்டைத் தடுப்பை வையுங்கள்: நாய் உங்களைப் பார்க்கலாம், தாண்ட முடியாது. குளியலறைக் கதவைச் சாத்தி, மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிடுங்கள். சாவியை எடுங்கள், எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். செருப்பு மாட்டிக்கொண்டு காய் நறுக்குங்கள். இப்படிச் செய்யச் செய்ய, அந்தச் சத்தங்கள் பிரிவின் முன்னறிவிப்பாக இருப்பது நின்றுபோகும்.

பிறகுதான் வாசற்கதவு. வெளியே நின்று ஐந்து எண்ணி உள்ளே வருவது, பிறகு மாடிப்படி வரை, பிறகு கீழே கேட் வரை. நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இதில் உயிரான விதி. எவ்வளவு நேரம் என்பதை நாய் முடிவு செய்யும், கடிகாரம் அல்ல. ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. நீண்ட ஒன்றுக்குப் பின் குறுகிய இரண்டு வரட்டும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கடினம் என்று நாய் கணக்குப் போட்டுவிடாமல். பதற்றம் பெரும்பாலும் ஆள் போன முதல் அரை மணிக்குள்ளேயே கிளம்பிவிடும் என்பதால், அந்த அரை மணியைக் கடக்கும் வரை மெதுவாகப் போவதில் நட்டமில்லை. போகும்போது “வர்றேன்டா கண்ணு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். திருட்டுத்தனமாக நழுவ வேண்டியதில்லை.

இரவில் முதல் சில வாரம் உங்கள் அறையிலேயே படுக்கட்டும். பின்னால் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் தள்ளலாம். சோறு போடுவதையும் காலை நடையையும் வீட்டில் இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெரியவர் வீட்டைப் பற்றிய அந்தப் புள்ளிவிவரத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். தனியாக வாழ்கிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவையோ, காவலாளி அண்ணனையோ நாயின் உலகத்துக்குள் கொண்டுவரலாம். தெரு முழுக்கச் சொந்தம் வைத்திருந்த நாட்டு நாய்க்கு இது புதிது அல்ல, இழந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பது.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை முழுதாகக் காட்டுவதும் இதில் சேரும். உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய், மூட்டு வலியுள்ள நாய், கண்ணோ காதோ மங்கிவரும் வயதான நாய், எல்லாம் மனிதரை விட்டு நகராமல் இருக்கலாம். அதைச் செல்லம் என்றும் பிடிவாதம் என்றும் எண்ணிக் கண்டிப்பது கொடுமை.

“துணைக்கு இன்னொரு நாய் வாங்கிடுங்க” என்பதும் சுலபமாக வரும் யோசனை. டேவிட் டூபர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கணக்கில் ஒரே கூண்டில் சேர்ந்து வாழ்ந்த நாய்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கூட்டாளி நாய் பக்கத்தில் இருந்தும் அவற்றின் மன அழுத்த ஹார்மோன் ஏறியது. பராமரிப்பாளர் உடனிருந்தபோது ஏறவில்லை. நாய் தேடுவது மனிதரை. இரண்டாவது நாய் வந்தால் ஊளைக்குத் துணை கிடைக்கலாம், அவ்வளவே.

மருந்து என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிவுப் பதற்றத்துக்காக நாய்களுக்குத் தரும் குளோமிபிரமின் மருந்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதி தந்தது; ஃபுளூவாக்சிட்டினுக்கு 2007இல். இரண்டுமே பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை, மருத்துவர் எழுதித்தர வேண்டியவை. நாயை மயக்கிப் போடுபவை அல்ல. ஐந்து விநாடிகூடத் தாங்காத நாய்க்குப் பயிற்சி உள்ளே இறங்க இவை இடம் உண்டாக்குகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுக்கத் தயங்காத நாம், பயத்துக்கு மாத்திரை கொடுத்தால் நாயைக் கெடுத்துவிட்டதாக நினைப்பது ஏன்?

“இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?” இந்தக் கேள்வி நியாயமானது. பயிற்சி நடக்கும் காலத்தில், நாயால் தாங்க முடிகிற நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உண்மையிலேயே கடினம். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்க வேண்டியிருக்கும், வீட்டிலிருந்து வேலை கேட்க வேண்டியிருக்கும், நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். முடியாதவர்கள் முடியாது என்று சொல்லலாம். ஆனால் தத்தெடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். அதற்கு, கேட்கப்பட வேண்டும். பெயர், முகவரி, வீடு சொந்தமா வாடகையா, கருத்தடை செய்வீர்களா என்றெல்லாம் கேட்கும் தத்துப் படிவங்கள், முதல் ஒரு மாதம் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கட்டும். காப்பகத்தாரும் தங்கள் பங்குக்கு, இந்த நாயைத் தனி அறையில் விட்டால் என்ன செய்கிறது என்று பார்த்து அதே தாளில் எழுதட்டும். அலுவலகம் போகும் ஒற்றை ஆளுக்குத் தனிமை தாங்கும் நாயைக் கொடுங்கள். தாங்காத நாயை, ஓய்வுபெற்ற தாத்தாவும் பாட்டியும் இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள். படிவத்தில் இரண்டு வரி கூடும். மூன்றாவது வாரம் திரும்பி வரும் நாய்களில் சில திரும்பி வராது.